இடது ஓரம், வெள்ளை, இரண்டு மில்லிமீட்டர்

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் பல் லேபில் இருந்தவர்கள்:

மாமா. என் அக்காவின் கணவர். லேப் அவருடையது. டாக்டர்கள் எடுத்து அனுப்பும் அச்சை வைத்துப் பல் செய்து கொடுப்பது தொழில்.

அக்கா. ஆஸ்பத்திரி கேன்டீனில் சமையலறைப் பொறுப்பு. லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். அதைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எல்லோருக்கும் நினைவூட்டினாள்.

ஒற்றைக்கண்ணர். கடிகார ரிப்பேர் கடை வைத்திருந்து மூடியவர். இரண்டு கண்ணும் நன்றாகத் தெரியும். ஒன்றில் எந்நேரமும் லென்ஸை மாட்டிக்கொண்டிருப்பதால் வந்த பெயர்.

ரயில்காரர். முப்பது வருடம் எஞ்சின் ஓட்டியவர். ஆறு வருடத்துக்கு முன் இதே அறையிலிருந்து வெளியே அனுப்பப்பட்டவர்.

நான்.

மேசையில் பச்சைத் துணி விரித்திருந்தது. துணியின் மேல் பதின்மூன்று பேட்ஜ்கள். பதினான்காவது இன்னும் டப்பாவுக்குள் இருந்தது.

இரண்டாம் உலகப் போரில் சோவியத் படையில் வேலையை ஒழுங்காகச் செய்தவனுக்குக் கொடுத்த பேட்ஜ்கள் அவை. பித்தளையில் அச்சடித்து, மேலே சிவப்பும் வெள்ளையுமாக எனாமல் போட்டவை. குறி பார்த்துச் சுட்டவனுக்கு ஒன்று, லாரி ஓட்டியவனுக்கு ஒன்று, கண்ணிவெடி எடுத்தவனுக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் ‘சிறந்த’ என்று போட்டு, கீழே அவன் என்ன வேலை செய்தான் என்று எழுதியிருக்கும். எனாமல் என்பது கண்ணாடிப் பொடிதான். உலோகத்தில் தடவி உலையில் வைத்தால் உருகிப் பளபளப்பாக ஒட்டிக்கொள்ளும். மாமாவுக்கு இந்தப் பைத்தியம் பிடித்ததே அதனால்தான். பகல் முழுக்க அவரும் பல்லுக்கு மாட்டும் உலோகத் தொப்பிமேல் பீங்கான் பொடியைத் தடவி உலையில் வைப்பவர். எவனோ எண்பது வருடத்துக்கு முன், குண்டு விழுந்துகொண்டிருந்த ஊரில், தன்னைவிட நன்றாகச் சுட்டு எடுத்திருக்கிறான் என்பதை அவரால் தாங்க முடியவில்லை.

முதலில் அவர் வாங்கி வந்தவை இரண்டு: குறிவீரன், ஓட்டுநர். புதிதாகக் கல்யாணமான சமயம். அக்காவிடம் காட்டினாராம். அவள் அடுப்பிலிருந்து திரும்பிப் பார்த்து, “சுட்டவனுக்கு இருக்கு, வண்டி ஓட்டினவனுக்கு இருக்கு. இவனுங்க எல்லாருக்கும் ஆக்கிப் போட்டானே, அவனுக்கு?” என்று கேட்டாளாம். கேட்டுவிட்டு அவள் மறந்துவிட்டாள். மாமா மறக்கவில்லை. புத்தகங்களைப் புரட்டினார். அவனுக்கும் இருந்தது. ‘சிறந்த சமையல்காரர்’. ஆனால் கிடைப்பது குதிரைக்கொம்பு. பத்தொன்பது வருடம் தேடினார். நடுவில் மற்றதெல்லாம் சேர்ந்தது. அது மட்டும் சேரவில்லை.

இப்படிச் சேர்க்கிற நாலைந்து பேர் ஞாயிறுதோறும் லேபில் கூடுவார்கள். லேபில் விளக்கு நன்றாக இருக்கும், பூதக்கண்ணாடி இருக்கும், ஞாயிறு யாரும் வரமாட்டார்கள். இதற்கு ‘வட்டம்’ என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். வட்டத்துக்கு விதிகள் உண்டு. பெரும்பாலானவை மாமா எழுதியவை. பேட்ஜைக் கைக்குக் கை கொடுக்கக் கூடாது. துணியில் வைக்க வேண்டும், மற்றவர் துணியிலிருந்து எடுக்க வேண்டும். எனாமல் ஒருமுறை விழுந்தால் போயிற்று. பேட்ஜ் வெளியே இருக்கும்போது கதவை உள்ளிருந்து பூட்ட வேண்டும். ஒருநாள் கூரியர்காரன் தள்ளிக்கொண்டு வந்து ஒருவர் முழங்கையில் மோதியதிலிருந்து அப்படி. உடைந்ததை ஒட்டக் கூடாது, பூசக் கூடாது, நிரப்பக் கூடாது. அடி பட்டது பட்டபடி இருக்க வேண்டும். இதை மீறினவன் வட்டத்தில் இல்லை.

அந்தக் கடைசி விதியில் போனவர்தான் ரயில்காரர். அவருடைய பேட்ஜ் ஒன்றில் சிவப்பு எனாமல் கொஞ்சம் பெயர்ந்திருந்தது. அதில் நெயில் பாலிஷை வைத்து அடைத்துக் கொண்டுவந்தார். ஒற்றைக்கண்ணர் கண்டுபிடித்தார். மாமா எழுந்து கதவைத் திறந்துவிட்டார். ரயில்காரர் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனதும் மறுபடி பூட்டினார். அவ்வளவுதான். ஒரு வார்த்தை பேசவில்லையாம். மாமா இதைப் பெருமையாகத்தான் சொன்னார், ஆனால் ஒவ்வொரு முறை சொல்லும்போதும் கொஞ்சம் மெதுவாகச் சொன்னார்.

இன்னொரு வழக்கமும் உண்டு. ஒருவருடைய வரிசை முழுதாகச் சேர்ந்துவிட்டால் ‘பெட்டி மூடுவது’. ஒற்றைக்கண்ணர் எல்லாவற்றையும் பரிசோதிப்பார். குறை இருந்தால் சொந்தக்காரர் முதலில் தானே வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். சொல்லாத குறை ஒன்று கண்டுபிடிக்கப்பட்டாலும் வரிசை செல்லாது. எல்லாம் சரியென்றால் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியைச் சேர்த்தவரிடம் கொடுக்க மாட்டார்கள். இத்தனை வருடம் வீட்டில் இந்தத் தொல்லையைச் சகித்துக்கொண்ட ஆளிடம் கொடுப்பார்கள். வட்டத்தில் இதுவரை இரண்டு பேருக்குத்தான் பெட்டி மூடியிருக்கிறது. மூன்றாவதாக மாமாவுடையது மூடினால் சாவி அக்காவுக்கு.

சமையல்காரர் கடைசியில் கிடைத்தது ரயில்காரரிடமிருந்துதான். அவரிடம் அது இருக்கிறது என்றே யாருக்கும் தெரியாது. போன மாதம் போன் செய்தார். மாமாவிடம் இரட்டையாக இருந்த இரண்டு பேட்ஜுக்கு அதை மாற்றிக்கொள்வதாகச் சொன்னார். ஒரே ஒரு நிபந்தனை: பரிசோதனை நடக்கும்போது தானும் உட்கார்ந்து பார்க்க வேண்டும். பெட்டி மூடும் நேரத்தில் எழுந்து போய்விடுவதாக அவரே சொல்லிவிட்டார். மாமா ஒத்துக்கொண்டார். போனை வைத்துவிட்டு ரொம்ப நேரம் பால்கனியில் நின்றார்.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. படிப்பைப் பாதியில் விட்டேன். ஒரு குளிர்பதனக் கிடங்கில் நாலு வருடம் இரவு ஷிப்ட் பார்த்தேன். ஒருநாள் அதையும் பாதி ஷிப்டில் விட்டுவிட்டு அக்கா வீட்டுக்கு வந்து படுத்தேன். அவள் காரணம் கேட்கவில்லை. ஹாலில் ஒரு மெத்தையைப் போட்டாள். மறு வாரம் மாமா லேபுக்குக் கூட்டிப்போனார். இது நடந்து எட்டு மாதம். பகலில் விழித்திருப்பது எனக்கு இன்னும் பழகவில்லை.

லேபில் வேலை நடக்கும் விதம் இது. ஒவ்வொரு வேலையும் மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் வரும். உள்ளே ஒரு சீட்டு. எந்தப் பல், என்ன நிறம், என்ன பழுது என்று அதில் இருக்கும். நிறத்துக்கு எண் உண்டு. மாமா வெள்ளை என்ற சொல்லை அந்த எண் இல்லாமல் சொல்லவே மாட்டார். சுவருக்கு அடிக்க வந்த பெயின்ட்காரரிடமே பி-1 கேட்டவர். முதல் நாள் எனக்கு அவர் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான்: “கேள்வி கேக்காதே மாப்ள. சீட்டைப் படி. சீட்டு சொல்றதைச் செய்.”

செய்தேன். ஒன்றை மட்டும் அடிக்கடி மறப்பேன். உடைந்த பல்லில் புதுத் துண்டு வைப்பதற்கு முன் ஒட்டு திரவம் தடவ வேண்டும். தடவாமல் வைத்தால் பார்க்கப் பிரமாதமாக இருக்கும், பிடிக்காது. இரண்டு முறை டாக்டர்கள் திருப்பி அனுப்பினார்கள். ஒருவர் ஆப்பிள் கடித்தாராம், பாதிப் பல் ஆப்பிளோடு போய்விட்டதாம்.

சனிக்கிழமை காலை என் மேசையில் ஒரு டப்பா இருந்தது. மாமா வைத்தது. அவருக்குப் போன் வந்து, ஒரு டாக்டரைப் பார்க்க அவசரமாகக் கிளம்பிவிட்டார். திறந்தேன். சமையல்காரர் பேட்ஜ். கூடவே வழக்கமான சீட்டு, அவர் கையெழுத்தில்: ‘இடது ஓரம். வெள்ளை, பி-1. 2 மி.மீ. உடைவு.’

நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். எல்லோருக்கும் விதி எழுதினவர். ஒரு மனிதனை நெயில் பாலிஷுக்காக வெளியே அனுப்பினவர். அக்காவுக்கு உடைந்த சாமானைக் கொடுக்க மனம் வரவில்லை, வாயால் சொல்லவும் கூச்சம், அதனால் சீட்டு எழுதி என் மேசையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று நினைத்தேன். எட்டு மாதத்தில் அன்றைக்குத்தான் அவரை எனக்கு ரொம்பப் பிடித்தது. தப்பு செய்ய என்னை நம்பியிருக்கிறாரே.

சீட்டு சொன்னதைச் செய்தேன். பல் அடைக்கும் பி-1 பசையை ஊசிமுனையில் எடுத்து, உடைந்த இடத்தில் வைத்து, சரிபண்ணி, நீல விளக்கை நாற்பது நொடி காட்டி இறுக வைத்து, மெருகு போட்டேன். என் வாழ்க்கையில் அதைவிட நல்ல வேலை நான் செய்ததில்லை. டப்பாவை மூடி அலமாரியில் வைத்துப் பூட்டினேன். சாயங்காலம் மாமாவிடம், “அந்த வெள்ளை வேலை முடிஞ்சுது மாமா” என்றேன், அர்த்தத்தோடு. அவர் வீட்டு ஹாலில் கண்ணாடிப் பெட்டியின் கீலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். “சரி” என்றார். அந்தச் சரியிலும் நான் அர்த்தம் கண்டேன்.

ஆக, ஞாயிறு. கதவைப் பூட்டியாகிவிட்டது. வட்டத்தில் மற்ற இருவர் ஊரில் இல்லை. ஒற்றைக்கண்ணர் பதின்மூன்றையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து வைப்பதற்குள் ஒன்றரை மணி நேரம் ஓடிவிட்டது. அக்கா இதற்குள் மூன்று முறை கொட்டாவி விட்டு, லேபின் கை கழுவும் தொட்டியைத் தேய்த்துக் கழுவி முடித்திருந்தாள். ரயில்காரர் சுவரோரம் ஸ்டூலில், தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு, ஸ்டேஷனில் சிக்னலுக்குக் காத்திருப்பவர்போல உட்கார்ந்திருந்தார்.

மாமா டப்பாவைத் திறந்து, குறட்டால் பேட்ஜை எடுத்துத் துணியில் வைத்தார். அவர் பார்வை அதில் இல்லை, அக்காமேல் இருந்தது. வைத்துவிட்டுத் தொண்டையைச் செருமிக்கொண்டு, பரீட்சையில் ஒப்பிக்கிறவர்போலச் சொன்னார்:

“குறை ஒண்ணு. இடது ஓரம். வெள்ளை, பி-1. ரெண்டு மில்லிமீட்டர் உடைஞ்சிருக்கு.”

அந்தச் சீட்டு எனக்கு எழுதியதே இல்லை. இன்று வாய்விட்டுச் சொல்வதற்காக அவர் தனக்கே எழுதிவைத்துக்கொண்ட குறிப்பு அது. போன் வந்த அவசரத்தில் டப்பா என் மேசையில் தங்கிவிட்டது. வேறு விதமாக எழுத அவருக்குத் தெரியாது, பாவம். இருபது வருடமாகச் சீட்டு எழுதியே பழகிய கை.

ஒற்றைக்கண்ணர் லென்ஸோடு குனிந்தார். ரொம்ப நேரம் குனிந்தபடியே இருந்தார். பேட்ஜைத் திருப்பினார், மறுபடி திருப்பினார்.

“இடதுன்னா, எனக்கு இடதா, பேட்ஜுக்கு இடதா?” என்று கேட்டார்.

எந்த இடதாக இருந்தாலும் ஒன்றும் இல்லை. குறையைத் தேடிக் கிடைக்காமல் ஒரு பரிசோதகர் திண்டாடியது வட்டத்தின் சரித்திரத்தில் அன்றுதான் முதல் முறையாக இருக்கும். அக்கா, குறை இல்லாவிட்டால் நல்லதுதானே, பூட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாமே என்றாள். மாமா பூதக்கண்ணாடியை எடுத்தார். பார்த்தார். அவர் முகத்தில் ஒன்றுமே அசையவில்லை, காது மட்டும் சிவந்தது. தன் லேபின் பி-1 அவருக்குத் தெரியாதா?

ஒற்றைக்கண்ணர் எழுந்து விளக்கை அணைத்தார். ஜன்னல் திரையை இழுத்தார். பையிலிருந்து ஊதா விளக்கை எடுத்தார். பழைய எனாமல் அந்த வெளிச்சத்தில் இருண்டு கிடக்கும். புதிதாக வைத்த பசை தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். பல்லுக்குச் செய்கிற பசை இன்னும் மோசம். வாய்க்குள் நிஜப் பல்லோடு சேர்ந்து மின்ன வேண்டும் என்றே அதைத் தயாரிக்கிறார்கள்.

இருட்டில் அந்த பேட்ஜின் ஓரத்தில் நீலவெள்ளையாக, குட்டியாக, ஒரு பல் சிரித்தது.

முதலில் பேசியது ரயில்காரர்.

“பாலிஷ் போட்டதுக்கு ஆறு வருஷம் வெளியே நின்னேன். பல்லு கட்டினா எத்தனை வருஷம்?”

அதில் விஷம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டதுபோல இருந்தது.

விளக்கு வந்தது. ஒற்றைக்கண்ணர் மாமாவைப் பார்த்தார். மாமா என்னைப் பார்க்கவில்லை. அறையில் இதைச் செய்யக்கூடிய கை இரண்டு பேருக்குத்தான் உண்டு, தான் செய்யவில்லை என்று அவருக்குத் தெரியும், ஆனாலும் என் பக்கம் திரும்பவே இல்லை. பச்சைத் துணியின் ஓரத்தை நீவிவிட்டபடி சொன்னார்:

“என் லேப்ல நடந்தது. என் பொறுப்பு. விதி எல்லாருக்கும் ஒண்ணுதான். எழுதிக்குங்க.”

பத்தொன்பது வருடம். நான் ஒரு வேலையைக்கூட உருப்படியாகக் காப்பாற்றிக்கொள்ளாதவன், எனக்கே அது பொறுக்கவில்லை.

“நான்தான் செஞ்சேன்” என்றேன். “சீட்டுல இருந்துச்சு.”

டப்பாவுக்குள் கிடந்த சீட்டை எடுத்துத் துணியில் வைத்தேன். கைக்குக் கை கொடுக்கக் கூடாது என்ற பழக்கம் எனக்கும் தொற்றியிருந்தது. ஒற்றைக்கண்ணர் படித்தார், ரயில்காரரிடம் தள்ளினார், அவரும் படித்தார். அக்கா இருவரின் தோள்மேலும் எட்டிப் படித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“ஏண்டா, சொல்ற வேலை எதையுமே செய்யாதவன் நீ. சொல்லாத வேலையைப் போய் இவ்வளவு சுத்தமா செஞ்சு வச்சிருக்கியே.”

மாமா அப்போதுதான் திரும்பினார். கோபம் இல்லை. வேறு ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

“மாப்ள. ஒட்டு திரவம் தடவினியா?”

எட்டு மாதமாக இந்தக் கேள்விக்கு நான் தலை குனிந்துதான் பதில் சொல்லியிருக்கிறேன். அன்றும் குனிந்தேன்.

“மறந்துட்டேன் மாமா.”

அவர் முகம் இப்படி மலர்ந்து நான் பார்த்ததே இல்லை. பேட்ஜோடு தன் மேசைக்குப் போனார், உட்கார்ந்தார், மிக மெல்லிய கொக்கி ஒன்றை எடுத்தார். ஒற்றைக்கண்ணர் ஒரு பக்கம், ரயில்காரர் ஒரு பக்கம் குனிந்து நின்றார்கள். பசை பிடித்திருந்தால் அதைப் பெயர்க்கும்போது பக்கத்து எனாமலும் சேர்ந்து பெயரும். மாமா கொக்கியை ஓரத்தில் நுழைத்தார். மூச்சை நிறுத்தினார். அழுத்தவே இல்லை, விரலை லேசாகச் சாய்த்தார்.

டிக் என்று ஒரு சத்தம். வெள்ளையாக ஒரு துளி மேசையில் விழுந்து உருண்டது. முழுதாக வந்துவிட்டது. அடியில் பழைய உடைவு, கறுத்த பித்தளையோடு, அப்படியே இருந்தது.

ஒற்றைக்கண்ணர் லென்ஸை வைத்துப் பார்த்தார், ஊதா விளக்கைப் போட்டுப் பார்த்தார். ஒட்டே இல்லாததை ஒட்டினதாக எப்படி எழுதுவது, சும்மா மேலே வைத்திருந்தது, அவ்வளவுதான் என்று முணுமுணுத்தார். பிறகு நோட்டில் எழுதிக்கொண்டே உரக்கச் சொன்னார்: “குறை ஒண்ணு. இடது ஓரம், வெள்ளை, ரெண்டு மில்லி. சொன்னதும் இருக்கறதும் ஒண்ணு. செல்லும்.”

அக்கா முதல் முறையாக பேட்ஜைக் குனிந்து பார்த்தாள். மாமா அவளிடம், முழுசாகக் கிடைக்கவில்லை, எங்கும் தேடியாகிவிட்டது என்று என்னவோ மன்னிப்புப்போல ஆரம்பித்தார். அவள் முடிக்க விடவில்லை.

“எங்க கிச்சன்ல ஓரம் உடையாத ஒரு சாமான் காட்டுங்க பாக்கலாம். வேலை செஞ்சவன் பேட்ஜு, இப்படித்தான் இருக்கும்.” ஒரு நிமிடம் கழித்து, “எனக்காகவா தேடினீங்க?” என்றாள்.

மாமா கண்ணாடிப் பெட்டியின் கீலில் எண்ணெய் போதுமா என்று பார்த்தார்.

பெட்டி மூடும் நேரம் வந்தது. ரயில்காரர் எழுந்தார். யாரும் சொல்லும்முன்பே தொப்பியைத் தட்டித் தலையில் வைத்தார். மாமா போய்க் கதவைத் திறந்தார். ரயில்காரர் ஒற்றைக்கண்ணரைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, அக்காவிடம் வாழ்த்து சொல்லிவிட்டு, வெளியே நடைபாதைக்குப் போனார். லிஃப்ட் பட்டனை அழுத்தும் சத்தம் கேட்டது.

மாமா கதவைச் சாத்தவில்லை. சாவிக்கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிலைப்படியில் நின்றார். நான் பின்னால் நின்றதால் அவர் முதுகு மட்டும்தான் தெரிந்தது.

“அந்தப் பாலிஷு” என்றார் வெளியே பார்த்து. “அசிட்டோன்ல துடைச்சா போயிருக்கும். அன்னிக்கே நான் சொல்லிருக்கணும்.”

“துடைச்சேன்” என்றார் ரயில்காரர். “அன்னிக்கே. வீட்டுக்குப் போய் துடைச்சுட்டு, காட்டலாம்னு திரும்பி வந்தேன்.”

“வந்தீங்களா? சொல்லவே இல்லையே.”

“கதவு பூட்டியிருந்துச்சு.”

லிஃப்ட் வந்து நின்றது. அதன் கதவு திறந்து, யாரும் ஏறாமல், தானாக மூடிக்கொண்டது. உள்ளிருந்து அக்கா, நிற்கிறவர்கள் உள்ளே நின்றால் என்ன, வெளியே நின்றால் என்ன, சாவியைச் சீக்கிரம் கொடுத்தால் தேவலை, போய் மாவைக் கரைக்க வேண்டும், நாளைக்கு எண்ணூறு பேர் சாப்பிட வருவார்கள் என்று குரல் கொடுத்தாள்.

மாமா நிலைப்படியிலிருந்து ஒதுங்கி நின்றார். ஒரு ஆள் போகிற அளவுக்கு.

ரயில்காரர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு உள்ளே வந்தார். மாமா அவருக்குப் பின்னால் கதவைச் சாத்தி, இரண்டு சுற்றுப் பூட்டினார்.